ஷெட்லி வாலை சேர்த்த குளிர்காலம்

நாபில் நகரத்தில் எங்கள் தெருவில் பூநீர் வடிக்கும் வாலை இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது என் எதிர்வீடு, ஷெட்லியின் வீடு.

நாரத்தை பூக்கும் வசந்த வாரங்களில் மற்ற வீடுகளிலெல்லாம் மாடியில் வெள்ளைத் துணி விரித்துப் பூவைக் கொட்டி வைத்திருப்போம். செம்பு வாலையை அடுப்பில் ஏற்றினால் பூவின் ஆவி மேலே போய்க் குளிர்ந்து, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் இறங்கும். அந்த நாட்களில் தெருவே அரைத் தூக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பூனைகள் சுவரை விட்டு இறங்காது. ஷெட்லி மட்டும் வழக்கம்போலக் காலையில் கிளம்பித் துனிஸுக்கு ஷேர் டாக்ஸி ஓட்டப் போய்விடுவான். தெற்கே கஃப்ஸாவின் பாஸ்பேட் மலையடிவாரத்தில் பிறந்தவன். கல்யாணம் ஆகி இங்கே வந்து எவ்வளவோ காலம் ஆகியும் பூ வடிப்பது பெண்கள் சமாசாரம் என்றே இருந்தான். அவன் மனைவி தலீலாவுக்கு வேண்டிய பூநீர் என் வீட்டிலிருந்துதான் போகும்.

தலீலாவுக்கு அது நிறையத் தேவைப்பட்டது. அவள் கல்யாண வீடுகளுக்குக் கஅக் செய்து கொடுப்பவள். பாதாமை அரைத்துப் பூநீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய மாவுக்குள் வைத்துச் சுருட்டி, வளையமாக வளைத்துச் சுடுவாள். வெள்ளை வெளேரென்று இருக்கும். கடித்தால் பொடிப்பொடியாக உதிரும். அவள் செய்த கஅக் இல்லாத நிச்சயதார்த்தத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மதித்ததில்லை.

ஊரெல்லாம் காய்ச்சல் வந்த ஆண்டில் அவளுக்கும் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வாசனையே தெரியாமல் போய்விட்டது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்துவிடும் என்றார்கள். ஓராண்டு போயிற்று, இன்னும் ஓராண்டு போயிற்று. ஒரு நாள் கஅக் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"இதுதான் கடைசி அக்கா. பாதாம் அரைக்கிறேன், மண்ண அரைக்கிற மாதிரி இருக்கு. எனக்கே தெரியாத ஒண்ண அடுத்தவங்க வாயில எப்படி வைக்கிறது?"

அதன்பின் அவள் மாவுப் பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டாள். பகலெல்லாம் ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். எதிலோ மிதப்பது போல இருக்கும் அவள் முகம். கூப்பிட்டால் சற்று நேரம் கழித்துத்தான் திரும்புவாள்.

ஷெட்லி ஒரு வசந்தத்தில் அவளை வைத்தியரிடம் காட்டிவிட்டுத் தன் வண்டியிலேயே திரும்ப அழைத்து வந்தான். பூச்சந்தையைத் தாண்டும்போது அவள் அவன் தோளைத் தொட்டு, "நிறுத்துங்க" என்றாளாம். கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, "ஒண்ணுமில்ல. ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு, போயிருச்சு" என்றாள்.

இதை அவன் என்னிடம் சொன்னபோது பூப்பருவம் முடிந்திருந்தது. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி கேட்டான்.

"அக்கா, வீடு முழுக்க அந்த வாசனைய அடைச்சு வச்சா, என்னைக்காவது ஒரு நாள் உள்ள போகும் இல்ல?"

"எனக்கென்ன தெரியும் ஷெட்லி? நான் என்ன டாக்டரா?"

"எனக்கு ஒரு வாலை வேணும்."

வாலையைப் பூப்பருவத்தில் இரவல் கேட்க முடியாது. எல்லோருக்கும் அதே வாரங்களில்தான் தேவை. அதனால் அவனே பாகம் பாகமாகத் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடையும் குளிர்காலமும் அவன் அதைத் தேடி அலைந்தான்.

அடிப்பானை வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புக்காரனிடம் கிடைத்தது. வயிறு நசுங்கி, உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தலைப்பகுதிக்குப் பனீ கியார் வரைக்கும் போனான். அங்கே ஓர் அக்கா தங்கை, தாய் விட்டுப்போன வாலையைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். அக்காவுக்கு அடிப்பானை, தங்கைக்குத் தலை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, வாலை வேலைக்கு ஆகாமல் போயிற்று. அடிப்பானை அக்கா மகளின் கல்யாணத்தோடு எங்கோ போய்விட்டது. தலையைத் தங்கை கவிழ்த்துப்போட்டுக் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா எங்க அக்கா கேட்டா கோழிக்குத்தான் வச்சிருக்கேன்னு சொல்லணும்" என்றாளாம்.

பொருத்திப் பார்த்தால் தலை சிறியது, பானையின் வாய் பெரியது. துனிஸில் செம்பு வேலை செய்யும் கன்னார் கடைத்தெருவில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனான். அவர் இரண்டையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார்.

"தம்பி, இந்தத் தலையும் இந்த உடம்பும் வேற வேற ஆளுங்களோடது."

"என் கல்யாணமும் அப்படித்தாங்க. ஓடிட்டுத்தான் இருக்கு."

பெரியவர் சிரித்துவிட்டார். நசுங்கலை நிமிர்த்தி, உள்ளே ஈயம் பூசி, இடையில் ஒரு செம்பு வளையம் செய்து போட்டு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

அதை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும்போதுதான் வழியில் காவலர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பானை, குழாய், புது காஸ் அடுப்பு எல்லாம் பின்சீட்டில் பயணிகளோடு உட்கார்ந்திருந்தன.

"என்ன அண்ணே, அத்திப்பழச் சாராயமா?"

"பூவுக்குங்க."

"இந்தக் குளிர்ல என்ன பூ?"

"வரும்ல. வரப்போற பூவுக்கு."

காவலர் பானையைத் திறந்து மோந்து பார்த்தார். பின்சீட்டில் இருந்த அம்மாள், "ஏம்ப்பா, அவன் பொண்டாட்டிக்காகக் காய்ச்சப் போறான், விடுப்பா, எனக்குப் பஸ் போயிரும்" என்று சத்தம் போட்டாள். வழியெல்லாம் ஷெட்லி அவளிடம் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். இப்படித்தான் செய்தி ஊரெல்லாம் பரவியது. டாக்ஸி நிலையத்தில் அவனைக் கண்டால் லாமீன் என்ற டாக்ஸிக்காரன், "வாங்க மணப்பொண்ணே, சீர்ப்பாத்திரமெல்லாம் சேர்ந்துச்சா?" என்று கேட்பான். ஷெட்லி சிரித்துக்கொண்டே போய்விடுவான். வண்டி ஓட்டும்போது சாலையோரத்து நாரத்தை மரங்களைப் பார்த்துக்கொண்டே வருவதாகவும், இலைக்குள்ளே மொட்டு உறங்குவது கண்ணுக்குத் தெரிவதாகவும் என்னிடம் ஒரு முறை சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் எங்கோ தூரத்தில் இருந்தான்.

குடுவைகள் நான் கொடுத்தேன். பின்னல் போட்ட பழைய கண்ணாடிக் குடுவைகள், என் மாமியார் காலத்தவை. தலீலா எதையும் கேட்கவில்லை. மாடியில் ஒவ்வொன்றாகச் சாமான் சேர்வதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். ஒரு தடவை மட்டும், "இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு அக்கா. நல்லவேளை, செலவில்லாத பைத்தியம்" என்றாள். செலவு ஆகியிருந்தது, அது அவளுக்குத் தெரியாது.

பூ வந்தது. விடியற்காலையில் சந்தைக்குப் போய், ஈரத்தோடு இருந்த மொட்டுகளைச் சாக்கில் கட்டி வந்தான். மாடியில் விரித்தபோது அந்தத் தரை பால் கொட்டியது போல ஆயிற்று. அன்று பிற்பகல் நானும் போய் உட்கார்ந்தேன். பானையில் பூவும் தண்ணீரும் போட்டான். இடுக்கில் ஆவி போகாமல் இருக்கத் துணியில் மாவுப்பசை தடவிச் சுற்றினான். தலையின் மேல் கிண்ணத்தில் குளிர்ந்த நீர் ஊற்றினான். அடுப்பைப் பற்றவைத்ததும் பொறுமை போய்விட்டது, தீயைத் தூக்கிவிட்டான்.

"ஷெட்லி, இது துனிஸ் ரோடு இல்ல. மெதுவா போ."

"சொட்டவே மாட்டேங்குதே அக்கா."

"சொட்டும். உனக்கு முன்னாடி பிறந்தது இது, அதுக்கு வழி தெரியும்."

சொட்டியது. முதல் சொட்டு குடுவையின் அடியில் விழுந்த சத்தம் கேட்டு அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றில் பூ, ஆவி, சூடான செம்பு. எனக்குக் கண் சொருகியது. அவன் கிண்ணத்து நீரை மாற்றுவதும் குழாயைப் பார்ப்பதுமாக இருந்தான். அந்த நேரத்தில் மறுபடியும் தீயைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. தலீலா தலைத்துணி நழுவ, மாவு பிசைகிறவள் போலக் கைகளை முன்னால் நீட்டியபடி மாடிக்கு வந்தாள்.

"என்ன கருகுது இங்க?"

நாங்கள் இருவரும் பானையைப் பார்த்தோம். அடி பிடித்திருந்தது. குழாயில் வந்த நீர் மங்கலாக இருந்தது. எரிந்த இலை போல ஒரு நெடி.

"போச்சு அக்கா, அத்தனையும் போச்சு" என்று ஷெட்லி அடுப்புக்குக் குனிந்தான். பாதியிலேயே நின்றுவிட்டான். மெல்லத் திரும்பினான்.

"நீ என்ன சொன்ன?"

"கருகுதுன்னு சொன்னேன். கீழ வரைக்கும்..." என்று சொல்லிக்கொண்டே வந்த தலீலா நிறுத்தினாள். கையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

நான் அடுப்பை அணைக்க எழுந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அணைக்காதீங்க அக்கா. இன்னும் கொஞ்சம் கருகட்டும்."

அந்தப் பூ முழுவதும், கருகல் நெடி ஏறிய என்னுடைய ஒரு குடுவையும் அன்று வீணாயின. பானையின் அடியில் கறை பிடித்துவிட்டது. அதைத் தேய்த்து எடுக்க மறுநாளெல்லாம் ஆயிற்று. தேய்த்தவள் தலீலா. சாம்பலையும் எலுமிச்சையையும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இடையிடையே பானைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை தீ அவள் பொறுப்பு. ஷெட்லிக்குத் தண்ணீர் மாற்றும் வேலை மட்டும் கிடைத்தது. நீர் தெளிவாக இறங்கியது, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு. அவன் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் நெடுநேரம் கண்ணை மூடி இருந்தாள்.

"மழையில நனைஞ்ச இரும்பு வேலி மாதிரி இருக்கு."

அவன் முகம் சற்று விழுந்தது. "பூ மாதிரி இல்லையா?"

"இல்ல. ஆனா என்னமோ இருக்குல்ல."

வாசனைகள் அவளுக்கு அப்படித்தான் திரும்பி வந்தன, ஆள்மாறிய முகங்களோடு. காபி புதுச் செருப்பாக வந்தது. பூண்டு சோப்பாக வந்தது. மீன் வரவே இல்லை, அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. காலையில் ஷெட்லி வண்டி எடுக்கும் முன் அவள் கையில் ஒரு சொட்டுப் பூநீர் விட்டுக் கேட்பான், "இன்னைக்கு என்ன?" ஒரு நாள் "ஈரச் சுவர்" என்பாள். மறுநாள் "பள்ளிக்கூடப் புத்தகம்." ஜன்னல் வழியே எனக்குக் கேட்கும். மனைவி சொன்னதை அவன் வண்டியில் பயணிகளுக்கும் சொல்லி, அவர்கள் கருத்தையும் கேட்டு வருவானாம்.

கோடை முடிவில் என் தங்கை மகளுக்கு நிச்சயம் வைத்தோம். தலீலா தானே வந்து, கஅக் நான் செய்கிறேன் என்றாள். சுவரோடு சாய்ந்திருந்த பலகை இறங்கியது. பாதாம் கலவையில் பூநீர் விடுவதற்கு மட்டும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஷெட்லியைப் பக்கத்தில் நிற்க வைத்தாள். மலையடிவாரத்துக்காரன், பூவை மோந்து சொல்லும் அவள் மூக்காகவே ஆகிப்போனான்.

"போதுமா?"

"இன்னும் ரெண்டு சொட்டு."

"நிஜமாவா?"

"என் டாக்ஸி மேல சத்தியமா."

நிச்சயத்தன்று வந்தவர்கள் கஅக்கைக் கடித்துவிட்டு மறுபடியும் தட்டுக்குக் கை நீட்டினார்கள். என் சம்பந்தி அம்மாள் இன்னொன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

இப்போது தலீலாவுக்கு மறுபடியும் கல்யாண ஆர்டர்கள் வருகின்றன. நேற்று ஷெட்லி துனிஸுக்குப் போயிருந்த நேரத்தில் நான் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பாதாம் குழைத்துக்கொண்டிருந்தாள். குடுவையைச் சாய்த்தாள், மோந்து பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள். "போதுமா அக்கா?" என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இன்னும் ஒரு சொட்டு விட்டுவிட்டு, ஏதோ முணுமுணுத்தபடி பிசையத் தொடங்கிவிட்டாள்.