செய்யது பாயும் மார்கழி ஏ.சி.யும்

அந்தத் திங்கட்கிழமை காலை பெருமாள்மலை டீக்கடை முன்னால் நின்று செய்யது பாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வாரம் மாறும் நாள் அது. கொடைக்கானலிலிருந்து அவர் வண்டியைக் கொண்டுவர வேண்டும். பழனியிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும் நான் சாவியை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். கீழே ஒரு குடும்பம் எனக்காகக் காத்திருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் எடுத்த சத்தம் கேட்டதும், "என்ன பாய், இன்னிக்கும் ஏ.சி. காத்து வர்ற ஓட்டையில இலை பொறுக்கிக்கிட்டு இருக்கீங்களா? வெரசா வாங்க" என்று கத்தினேன். எடுத்தது அவர் மகன். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றான். அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மறுபடி எழுந்திருக்கவில்லை.

நம் ஓட்டுநர் சங்க மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் எல்லாம் ஸ்டாண்டில் டீ குடித்து அவரோடு பழகியவர்கள். நான் அவரோடு ஒரே வண்டியைப் பாதிப் பாதியாக வைத்து ஓட்டியவன். அவர் ஒரு வாரம், நான் ஒரு வாரம். அதனால் நல்லதை எழுதுவதற்கு முன்னால் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

பழனிக்காரன் ஒருவனும் கொடைக்கானல்காரர் ஒருவரும் சேர்ந்து வண்டி வாங்கியதே தப்பு. மலைமேலே ஏ.சி. எதற்கு என்பது நம் எல்லோருடைய எண்ணமும். ஐப்பசியில் அமர்த்தினால் மாசியில்தான் அந்தப் பொத்தானையே தேடுவோம். பாய் மட்டும் மார்கழிப் பனியிலும் காலையில் வண்டியை எடுத்தவுடன் பத்து நிமிடம் ஏ.சி. போடுவார். ஸ்வெட்டர், குல்லாய், மப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மேல் குளிர்காற்று அடிக்கும். ஒரு முறை சென்னைக்காரர் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "உங்க பார்ட்னருக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று கேட்டார். நான் பாயிடம் கேட்டேன். "மாசக் கணக்குல சும்மா கெடந்தா உள்ள எண்ணெய் ஓடாது, சீல் காஞ்சு கேஸ் வெளிய போயிரும். நீ தெனம் நடக்குறேல்ல? அதுவும் நடக்கட்டும்" என்றார். நான் எங்கே தினமும் நடக்கிறேன் என்பது வேறு விஷயம்.

இதில் அவர் சொன்னது சரிதான் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் பழனி வண்டிகள் எல்லாம் கேஸ் போய் மெக்கானிக் வாசலில் வரிசையாக நிற்கும்போது எங்கள் வண்டி மட்டும் ஜில்லென்று ஓடும். அதைப் பார்த்தாவது அவர் சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒவ்வொரு சித்திரையிலும் போன் போட்டு, "குளுருதா?" என்று கேட்பார். குளிர்கிறது என்று நான் வாயால் சொல்லும்வரை வைக்க மாட்டார்.

மலைப்பாதையில் மழை பிடித்தால் இன்னொரு கூத்து. நனைந்த துணியோடு ஏழு பேர் ஏறி மூச்சு விட்டால் முன்கண்ணாடி உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். நாமெல்லாம் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவோம். பாய் ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்துவிடுவார். கண்ணாடி தெளிந்துவிடும், உள்ளே இருப்பவர்கள் விறைத்துவிடுவார்கள். "காது கதகதன்னு இருந்து என்ன செய்ய? பாதை தெரியணும்ல?" என்பார். "யாரு சொன்னாலும் அமத்த மாட்டேன். என் வீட்டுக்காரி கேட்டாலும் மாட்டேன்" என்று அவர் ஸ்டாண்டில் நின்று பெருமையடித்ததை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு தெரிந்த மனிதர், பக்கத்திலேயே இருந்த ஹீட்டர் குமிழை மட்டும் தொட மாட்டார். ஏ.சி. ஓடும்போது ஹீட்டரையும் போட்டால் ஈரமும் போகும், கதகதப்பாகவும் இருக்கும். வத்தலக்குண்டு மெக்கானிக் என் முன்னால்தான் அவருக்கு இதைச் சொன்னார். ஏ.சி. காற்றைக் காய வைக்கும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கும், ரெண்டும் சேர்ந்து ஓடத்தான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கமாகவே சொன்னார். பாய் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். வண்டியில் ஏறியதும், "சூட்டையும் குளிரையும் ஒண்ணா விட்டா ரெண்டும் அடிச்சுக்கிட்டு வண்டி கெட்டுப் போகும். கீழ இருக்கவனுக்குக் குளிரப் பத்தி என்ன தெரியும்?" என்றார். எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதன்பிறகு நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நானும் கீழே இருக்கிறவன்தானே.

வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சாம்பிராணி போடுவது என் வழக்கம். கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, ஏ.சி.யை உள்காற்றில் வைத்துப் போட்டால்தான் புகை மூலைமுடுக்கெல்லாம் போகும். பழனியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். பாய் ஒரு திங்கட்கிழமை டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஏ.சி. பில்ட்டரை உருவி, டீக்கடைக் கல்லில் எல்லோரும் பார்க்கத் தட்டினார். சாம்பிராணிக் கரியும் பக்தர்களின் திருநீறும் கொட்டின. "மூணு தலைமுறை அடுப்படி கெணக்கா இருக்கு. இதுல வர்ற காத்த மோந்தா ஏன் வாந்தி எடுக்க மாட்டாக?" என்றார். நான் விடவில்லை, உங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவதில்லையா என்று கேட்டேன். "போடுறோம். கதவத் தொறந்து வச்சுப் போடுறோம். கதவு தொறந்திருந்தாலும் முருகன் வருவாரு, முருகேசு" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தார்கள்.

அப்படிப்பட்டவர் என்ன செய்தார் தெரியுமா? புது பில்ட்டர் வாங்குவதை விட்டு, அந்தக் காகித பில்ட்டரைச் சோப்புப் போட்டு அலசினார். அடைமழைக் காலம், வெளியே காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காய வைத்து மாட்டி என்னிடம் அனுப்பினார். மறுநாள், முருகனுக்கு மாலை போட்டு விரதம் இருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யைப் போட்டேன். வண்டி முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. "டிரைவர், எங்கயோ கறி வேகுதா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஏ.சி. இல்லாமலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ராத்திரி போனில் நான் கத்தியதற்குப் பாய் சொன்ன பதில், "எங்க வீட்டுக் குழம்ப நீ குறை சொல்லி இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவர் போன அன்று வண்டி அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. அடக்கம் முடிந்ததும் மகன் சாவியை என் கையில் கொடுத்தான். "அத்தா பங்கு அம்மாவுக்குத்தான் மாமா. இத்தா முடியட்டும். வைக்கிறதா விக்கிறதா, அம்மா சொல்றபடி செய்வோம். அதுவரைக்கும் நீங்க ஓட்டுங்க" என்றான். நியாயமான பேச்சு. ஆனால் விற்றுவிட்டால் எனக்கு வண்டி இல்லை. அவர் பங்கை வாங்கும் வசதியும் எனக்கு இல்லை. இந்த வயதில் இன்னொருவர் வண்டிக்குக் கூலி ஓட்டுநராகப் போய் நிற்க வேண்டும். பாயின் மனைவி இத்தா இருந்து வீட்டைவிட்டு வெளியே வராத அந்த நாலு மாதமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காலையில் மட்டும் பத்து நிமிடம் ஏ.சி. ஓட்டினேன். பாதி வண்டி இன்னொருவருடையது, பழுதில்லாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

இத்தா முடிந்து ஜைத்தூன் அக்கா, அதாவது பாயின் மனைவி, பழனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். நான்தான் மேலே போய் அழைத்து வந்தேன். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று முன்சீட்டில் உட்கார்ந்தார், மகன் பின்னால். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. கண்ணாடி மங்கியது. கை தானாகப் போய் ஏ.சி.யைப் போட்டது. அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"தம்பி, வண்டிய விக்க வேணாம். அவரு பங்கு அப்படியே கெடக்கட்டும், நீங்களே ஓட்டுங்க. மகன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆனா ஒண்ணு. இந்தக் குளிர நிறுத்திருங்க. எனக்குக் காலு வெறைக்குது."

சரிங்கக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். என் பிழைப்பே அந்த ஒரு சொல்லில் இருந்தது. "அது மட்டும் முடியாதுங்கக்கா, பாதை தெரியணும்ல?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவரு நிறுத்துவாரே" என்றார்.

"யாரு, பாயா?"

"காலு குளுருதுன்னு சொன்னா ஒடனே அமத்திருவாரு. ஒரு கையில துண்ட வச்சுக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே ஓட்டுவாரு. முருகேசு காதுக்கு மட்டும் போயிரக் கூடாதுன்னு சொல்லுவாரு."

இத்தனை வருஷச் சண்டையில் எனக்கு அவர் மேல் உண்மையாகக் கோபம் வந்தது அப்போதுதான். போன் போட்டுக் கத்துவதற்கும் அவர் இல்லையே. ஏ.சி.யை அமர்த்தாமலே ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோடு முடிகிறவரை திருப்பினேன். காற்றைக் கண்ணாடிக்கும் காலுக்கும் சேர்த்து விட்டேன். ரெண்டு வளைவு தாண்டுவதற்குள் சூடு வந்துவிட்டது. கண்ணாடியும் மங்கவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"இத அவருகிட்ட நீங்க சொல்லலயா?"

"சொல்லாத நாள் இல்லைங்கக்கா."

"கேட்டிருக்க மாட்டாரே" என்று சிரித்தார். பிறகு சால்வை நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

செய்யது பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது காலையில் அந்தப் பத்து நிமிடத்தை. மழையானாலும் பனியானாலும் தவறுவதில்லை. சாம்பிராணியையும் கதவைத் திறந்து வைத்தே போடுகிறேன். மலையில் சூடும் குளிரும் ஒன்றாகவே ஓடுகின்றன, வண்டி கெட்டுப் போகவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் அவர் இல்லை.