நாங்கள் குப்பை மேடு என்று நினைத்தது

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா போன டிசம்பரில் ஒரு படம் அனுப்பினாள். பெரிய பைன் மரம், உச்சியில் கட்டில் அகலத்துக்கு ஒரு கூடு, அதன் விளிம்பில் வெண்தலைக் கழுகு. ‘உங்க பாலைவனத்துல காக்காயாவது இருக்கா?’ என்று கீழே ஒரு வரி வேறு. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மீனைப் பிடித்துத் தின்னும் விராலடிப்பான் வளைகுடாவின் கரையோரத் தீவுகளில் கூடு கட்டும் என்று படித்திருந்தேன். எங்கே கட்டும் என்பதை மட்டும் படிக்கவில்லை. கழுகு இனமாயிற்றே, உயரத்தில்தான் கட்டும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் குடியிருக்கும் முவைலாவிலிருந்து கிளம்பினோம். உம் அல் குவைன் படகுத்துறைக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லீவு நாள் என்பதால் சாலை காலியாக இருந்தது. என் கணவர் ரகுவுக்குப் பறவையில் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்கில் காபி, பவானி ஜமுக்காளம் நான்கும் காரில் ஏறிவிட வேண்டும். பார்க்கோ பாலைவனமோ, விரித்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவருக்கு அது டூர்.

படகு காசிம் பாயுடையது. கீழக்கரைக்காரர், துறைக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறார். போய்வர இருநூறு திர்ஹாம் என்று பேசிக்கொண்டோம்.

“பாய், கழுகுக் கூடு எங்க இருக்கும்?”

“கூடெல்லாம் நான் பார்த்ததில்லம்மா. ஆனா அந்த மணல் திட்டுக்கு மேல ரெண்டு கழுகு எப்பவும் சுத்திக்கிட்டே கெடக்கும். எறக்கி விடவா?”

முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தோம். மரம் இல்லை. நடுவில் துருப்பிடித்த ஒரு கம்பம், அதன் உச்சியும் காலி. கொஞ்சம் தள்ளி இடுப்பளவுக்கு ஒரு குவியல்: பலகை, வலைத் துண்டு, நைலான் கயிறு, ஒற்றைச் செருப்பு. “பிக்னிக் வந்தவங்க இங்கயும் குப்பை கொட்டிட்டுப் போயிருக்காங்க பாருங்க” என்று திட்டிக்கொண்டே, வெயிலுக்கு மறைவாக அதன் நிழல் பக்கத்தில் பையை வைத்தேன்.

தலைக்கு மேலே விராலடிப்பான் வந்துவிட்டது. வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. கீச் கீச்சென்று கத்திக்கொண்டு தாழப் பறந்து எங்களையே சுற்றியது. இப்படிப் போஸ் கொடுக்கும் பறவையை நான் பார்த்ததே இல்லை. கேமராவில் சுட்டுத் தள்ளினேன். அலகு திறந்திருக்க நேராக என்னைப் பார்க்கும் படம் ஒன்று அற்புதமாக விழுந்தது. கேமராத் திரையை போனில் படமெடுத்து அக்காவுக்கு அங்கேயே அனுப்பியும்விட்டேன்.

காற்றில் ஜமுக்காளம் நிற்கவில்லை. மணல் திட்டில் கல்லுக்கு எங்கே போவது? ரகு குவியலிலிருந்து ஒரு பலகையை உருவினார். உருவியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“வித்யா... இங்க வா. சத்தம் போடாத.”

குவியலின் மேலே ஒரு பள்ளம். அதில் மணல் நிறத்தில் இரண்டு குஞ்சுகள், பள்ளத்தின் அடியோடு ஒட்டிப் படுத்திருந்தன. அசையவில்லை. ஒன்றின் கண் மட்டும் திறந்திருந்தது. கூட்டைத் தேடி வந்த நான் கூட்டின் நிழலில் பையை வைத்திருக்கிறேன். என் கணவர் அதன் சுவரைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார். மேலே கத்தியது தாய்.

பலகையை அங்கேயே வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படகில் ஏறி வெகுதூரம் விலகி நின்ற பிறகும் அது இறங்கவில்லை. போனில் பார்த்தேன், முப்பத்து நான்கு டிகிரி. அந்தப் பள்ளத்தில் பொட்டு நிழல் இல்லை. தாய் சிறகை விரித்தால்தான் நிழல். குஞ்சுகளைக் கொத்திப் போகும் கடற்காகங்கள் இரண்டு வேறு குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

“ஏன் எறங்க மாட்டேங்குது?” என்றார் ரகு.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். பதற்றத்தில் ஜமுக்காளத்தை விட்டுவிட்டு வந்திருந்தோம். சிவப்பும் பச்சையுமாக, கூட்டின் ஓரத்தில் சிக்கி அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“யா அல்லாஹ்! எடுத்துட்டு வந்துருங்க தம்பி, யல்லா, சீக்கிரம்” என்று பாய் படகைத் திருப்பினார்.

ரகு குனிந்தபடியே ஓடிப்போய் அதைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பாதி தூரம் தவழ்ந்தே வந்தார். இன்னொரு தடவை விலகிப் போய் நின்றோம். கடைசியில் தாய் இறங்கியது. கடற்காகங்களை விரட்டிவிட்டுச் சிறகை விரித்து நின்றது. அதன் அடியில் ஒரு சின்னத் தலை எழுந்தது. இரண்டாவது தலைக்காகக் காத்திருந்தேன். பாய் படகைக் கிளப்பும்வரை அது எழவில்லை. பயத்தில் படுத்தே கிடந்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அதனால் இந்தப் பதிவில் திட்டின் பெயர் இல்லை. நீங்கள் போவதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள், பல தீவுகளில் இறங்கவே கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் படகை விட்டு இறங்காதீர்கள், நீண்ட லென்ஸ் இல்லையென்றால் பைனாகுலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே இந்தப் பறவை தரையிலும் கூடு கட்டும். தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் படம் எடுக்காதீர்கள், காலடியைப் பார்த்து வந்த வழியே திரும்புங்கள்.

வீட்டுக்கு வந்து புளியோதரையை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தேன். அக்காவின் பதில் வந்திருந்தது: ‘செம படம்டி! வாயத் தொறந்து என்னமோ சொல்லுதே, என்ன சொல்லுது?’

‘எங்களப் போகச் சொல்லுதுக்கா’ என்று எழுதினேன்.