சாப்பிடுகிறவர்களைப் பார்க்கக் கூடாது

எனக்குப் பொறுமை குறைவு. பெரம்பலூரில் வக்கீலாக இருக்கிறேன். என் குமாஸ்தா புதிதாக வருகிற கட்சிக்காரர்களிடம், "மேடத்துக்குக் கோவம் வந்தா பத்தே நிமிஷந்தான். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் வெளியில நின்னுக்கங்க" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவார். இப்படிப்பட்ட என்னைத்தான் சமரசம் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் கத்துகிற கத்தலில் இரண்டு தரப்பும் எனக்கு எதிராக ஒன்றுசேர்ந்துவிடும், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாம் பார்த்தாயிற்று. சோறு போடுகிறவர்கள் ஒரு பக்கமும் அதை வாங்கிக்கொள்கிற இல்லம் ஒரு பக்கமும் நின்று முறைத்துக்கொண்ட வழக்கு அந்த ஒன்றுதான்.

அரியலூருக்கு வெளியே, சிமெண்ட் லாரிகள் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அந்த முதியோர் இல்லம் இருக்கிறது. ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறது. அங்கே நாற்பது பேர். காலையும் இரவும் இல்லத்துச் சமையல். மதியச் சாப்பாடு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். பிறந்தநாள், கல்யாண நாள், பெரியவர்களின் திதி என்று சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வேனை நிறுத்திச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. அமாவாசை வந்தால் மூன்று வீட்டுப் பாயசம் வந்து சேரும். மறுநாள் பாதிப் பேருக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கும்.

சண்டை ஒரு போர்டில் ஆரம்பித்தது. இல்லத்தின் மேலாளர் நாற்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர். அவர் ஒருநாள் கேட்டில் எழுதி மாட்டிவிட்டார்: "உணவைக் காவலரிடம் ஒப்படைக்கவும். உள்ளே வந்து பரிமாற அனுமதி இல்லை." ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. சொல்லாத காரணத்தை ஊர் சும்மா விடுமா? உள்ளே வயதானவர்களை அடிக்கிறார்கள், கொடுக்கிற சோற்றை வெளியே விற்கிறார்கள் என்று வாட்ஸப் குரூப்பில் கண் மூக்கு வைத்துப் பேசிவிட்டார்கள். வருகிற அமாவாசையிலிருந்து யாரும் ஒரு பருக்கைகூடப் போடுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டார்கள். அறக்கட்டளைக்காரர்கள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பும் என்னை ஒப்புக்கொண்டது. இரண்டு பக்கத்திலும் எனக்கு எதிராக வழக்கு நடத்தித் தோற்றவர்கள் இருந்ததால் நான் பொதுவான ஆள் என்று தோன்றியிருக்கலாம்.

காலை பத்து மணிக்கு இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். வந்திருந்த குடும்பங்களின் சார்பில் பேசியவர் எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி. ஆறடி உயரம், குரல் அதற்கும் மேலே.

"வக்கீலம்மா, எங்கப்பா திதிக்கு எஞ்சம்சாரம் விடியக்காலம் எந்திரிச்சு சமைச்சுது. வேன்ல ஏத்திக்கிட்டு வந்தா, வாட்ச்மேன் நோட்ட நீட்டிக் கையெழுத்து கேக்குறான். சோறு என்ன கூரியர் பார்சலா? எங்கப்பாவுக்குப் போடுற சோத்த என் கையால போட வேணாமா?"

சொல்லிவிட்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

மேலாளரிடம் கேட்டேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்ங்க" என்றார்.

"அந்த விதி ஏன்?"

"நிர்வாகக் காரணம்."

நிர்வாகக் காரணம் என்று சொல்கிறவர்களை எனக்கு எப்போதும் ஆகாது. தாலுகா ஆபீஸில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வார்த்தை. "நீங்க என்ன கவர்மெண்டா நடத்துறீங்க? சோறு போடுறவங்களுக்கு ஒரு காரணம் சொல்ல வாய் வலிக்குதா?" என்று ஆரம்பித்து நான் பேசிய பேச்சு இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். டீ வரட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து சமையற்கட்டுப் பக்கம் போனேன்.

அங்கே இல்லத்தில் தங்கியிருக்கும், எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தப் புள்ளயத் திட்டாத தாயி. போர்டு எனக்காவ மாட்டுனது" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் சொன்னது இதுதான். அவருக்கு மீன்சுருட்டிப் பக்கம் ஒரு தங்கை இருக்கிறார். திருச்சியில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்ப்பதாக அந்தத் தங்கையிடம் சொல்லிவைத்திருக்கிறார். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில், வந்த வீட்டுப் பெண் ஒருத்தி "ஆ காட்டுங்க பாட்டி" என்று அவர் வாயில் லட்டு ஊட்டியிருக்கிறாள். அதைப் படம் பிடித்து, ஆதரவற்றவர்களோடு பிறந்தநாள் என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். மேலாளர் பார்த்துவிட்டுக் கெஞ்சிக் கூத்தாடி எடுக்கவைத்தார்.

"சாயங்காலமே எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள யாரு பாத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு. மூணாம் நாளு தங்கச்சி போன் பண்ணுனா. முட்டி வலிங்கிறா, மழ இல்லங்கிறா. அப்பத்தான் உசிரு வந்துச்சு, அவ பாக்கல."

"தெரிஞ்சாத்தான் என்னம்மா?"

"அழுதுகிட்டே வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவா. அவளே மவன் வூட்டுல ஒரு மூலையில படுத்துக் கெடக்கா. மருமவ பேச்சத் தாங்க முடியாம வேளைக்கு ஒருக்கா கண்ணத் தொடைக்கிறா. நானும் போயி அவ தலையில ஏறவா? இன்னொருக்கா எவளாச்சும் போட்டோ புடிச்சா, பையத் தூக்கிக்கிட்டு நானே பஸ் ஏறிடுவேன்."

"எங்க போவீங்க?"

அவர் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். மேலாளரிடம் வாங்கிய மாதிரியே என்னிடமும், யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது எனக்குக் காரணம் தெரியும், சொல்ல முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கூடத்துக்குத் திரும்பினேன். டீயும் உளுந்து வடையும் வந்திருந்தன. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதைச் சொல்லி எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையில் எதிரே இருந்த விவசாயியைப் பார்த்தபடியே நின்றிருக்கிறேன் போல. வடையை வாயருகே கொண்டுபோனவர் நெளிந்தார்.

"என்ன வக்கீலம்மா, வச்ச கண்ணு வாங்காமப் பாக்குறீங்க? எனக்கு வயித்த வலிக்கப் போவுது. நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க."

"ஏன், பாத்தா என்ன?"

"நல்லாக் கேட்டீங்க. சாப்புடுறவங்களப் பாக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கிகூடத் தெரியுமே."

எனக்கு அங்கேயே மண்டையில் விளக்கெரிந்தது. "அப்ப செல்போன் பாக்கலாமா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விடவில்லை. "திதிக்கு இங்க எலையில ஒக்காந்து சாப்புடுறவங்கள யாரா நெனச்சுப் போடுறீங்க?"

"எங்கப்பாவாத்தான். வேற யாரா?"

"உங்கப்பா வாயில சோத்தோட இருக்கறத நீங்க ஊரு பாக்கப் படம் புடிச்சுப் போடுவீங்களா?"

அவர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு மேலாளர் பக்கம் திரும்பினார். "இதுக்காவத்தான் போர்டாம்மா?"

மேலாளர் என்னை ஒரு நொடி பார்த்தார். "ஆமாங்க. வாயால சொல்லிப் பாத்தேன். 'ஒண்ணே ஒண்ணு'ன்னு சொல்லி எடுத்துடுறாங்க. எத்தனை பேரோட நான் மல்லுக்கட்ட முடியும்? அதான் மொத்தமா நிறுத்திட்டேன்."

"அத எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்து, "வாசல்ல ஒரு கூடைய வைக்கச் சொல்லுங்க. செல்ல அதுல போட்டுட்டுத்தான் பந்திக்கு வரணும். மொத செல்லு என்னுது" என்றார். பிறந்தநாளுக்கு ஒரு படமாவது வேண்டாமா என்று பின்னாலிருந்து ஒரு பெண் முணுமுணுத்தார். "ஒங்க வூட்டுல ஆயிரம் எடுத்துக்கத்தா, யாரு வேணாங்கிறா" என்று விவசாயியே அடக்கிவிட்டார். பரிமாற உள்ளே விடுவதாகவும், யார் வாயிலும் யாரும் ஊட்டக் கூடாது என்றும் மேலாளர் சொன்னார். திதியன்று வாசலில் நிறுத்தியதற்கு விவசாயியிடம் மன்னிப்பும் கேட்டார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது நான் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க மேடம், சத்தியம் வாங்கிட்டாங்க, என்ன பண்றது" என்று சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்படியே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.

ஒப்பந்தம் நிற்குமா என்று பார்க்க அமாவாசையன்று போனேன். வக்கீல் புத்தி, எழுத்தில் இருந்தாலே நம்பாது. வாசலில் கூடை நிறையச் செல்போன்கள். ஒன்று மாற்றி ஒன்று அடித்தன, யாரும் திரும்பவில்லை. உள்ளே விவசாயி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நின்றார். அந்த லட்டுப் படத்துக்குப் பிறகு, வெளியாட்கள் வந்தால் பந்திக்கே வராமல் அறைக்குள் இருந்துவிடும் அந்த அம்மாள், அன்று மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு வந்த வேலை முடிந்துவிட்டது.

விவசாயி அவர் இலைக்கு எதிரே குனிந்தபோது, அந்த அம்மாளின் மடியிலிருந்த பட்டன் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாக்கா பண்ற?" மீன்சுருட்டித் தங்கை.

"என்னத்தடி பண்றது. அமாவாசல்ல, ஆஸ்டல்ல அம்பது புள்ளைவொளுக்கு எல போட்டிருக்கு. நிக்க நேரமில்ல."

விவசாயியின் கை அப்படியே நின்றது. அந்த அம்மாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் சத்தியத்தைக் காப்பாற்றியதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

அவர் கரண்டி நிறையச் சாம்பாரை மொண்டு அந்த இலையில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, போனுக்குக் கேட்கிற மாதிரி அந்தப் பெரிய குரலில் சொன்னார்: "சமையக்காரம்மா! சாம்பார் இன்னிக்கு அமோகம்! எனக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க!"

"கேட்டியாடி?" என்றார் அந்த அம்மாள் போனில். "செத்த நேரம் பேச வுட மாட்டேங்கிறானுவ. வச்சுடுறேன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த அம்மாள் போனை மடியில் செருகிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடி, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கேட்டார்:

"பின்னால ரசம் வருதாப்பா?"

"வருதும்மா" என்றார் அவர்.