அளந்து கொடுத்த தண்ணீர்

என் அக்காவைப் போல ஒரு ஏமாளியை நான் பார்த்ததில்லை. தையல்காரி. தையல் மெஷினைத் தவிர யாரையும் மிரட்டத் தெரியாது.

அவள் கணவர், என் மாமா, தண்ணீர் லாரி ஓட்டினார். இதயம் பலவீனமாகி, இரண்டு கால்களும் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தபோது ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, குறைந்திருக்கிறது என்றார்கள். பக்கத்துக் கட்டில் கொத்தனாருக்கும் அதே குறைதான். ஆனால் அவருக்குப் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறியது. மாமாவுக்கோ குடிக்கிற தண்ணீரையே குறைத்துவிட்டார்கள். சாப்பாட்டிலும் உப்பு கூடாதாம்.

"அவனுக்கும் உப்பு கம்மி, எனக்கும் உப்பு கம்மி. அவன் என்ன டாக்டரம்மாவுக்கு மாமனா மச்சானா?" என்று குதித்தார் மாமா.

டாக்டரம்மா அவர் காலை விரலால் அழுத்தினார். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

"அவருக்கு வாந்தி பேதியில தண்ணியும் போச்சு, உப்பும் போச்சு. ரெண்டையும் திருப்பிக் குடுக்கறோம். உங்களுக்கு உடம்பு பூரா தண்ணி தேங்கி நிக்குது. அதுல உப்பு கரைஞ்சு நீர்த்துப் போச்சு. இன்னும் உப்பு குடுத்தா இன்னும் தண்ணி சேரும், நுரையீரல் தாங்காது."

அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பிய பிறகு தண்ணீரை அளந்துதான் கொடுத்தாள். தினமும் இன்ச் டேப்பால் அவர் கணுக்காலைச் சுற்றிப் பார்ப்பாள். வீக்கம் வடிய வடிய இவள் முகம் தெளிந்தது. அவரோ தாகத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அப்போதுதான் வந்து இறங்கினார் மாமாவின் அக்கா.

"ஊருக்கே தண்ணி ஊத்தினவனை நாக்கு வறள வெச்சிருக்கியே! உப்பு கம்மின்னா உப்பைக் குடுக்க வேண்டியதுதானே?"

அக்கா விளக்கினாள். யார் காதில் ஏறியது? தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே போகும் நேரம் பார்த்து, சொம்பு நிறைய உப்புத் தண்ணீர் கலந்து தம்பிக்குக் கொடுத்தார். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

டேப் காட்டிக் கொடுத்துவிட்டது.

"யாரு குடுத்தது?" என்றாள் அக்கா.

"எங்கக்கா. உனக்கு இல்லாத மனசு அவளுக்கு இருக்கு."

அன்றே அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஒரு வாய் தண்ணி குடுக்காம கொன்னுட்டாளே!" என்று நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டார். வந்திருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொன்னா அவங்க தாங்க மாட்டாங்கடி" என்றாள் பிறகு.

"நீ மட்டும் தாங்குவியா?"

அவள் இன்ச் டேப்பைச் சுருட்டி வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை.

போன மாதம் நாத்தனார் வந்திருந்தார். ஓசியில் துணி தைக்க மட்டும் இவள் வேண்டும். வெயிலில் வந்தவராயிற்றே என்று அக்கா தண்ணீரை நீட்டினாள்.

"என் தம்பிக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எதுக்கு?"

அக்கா டம்ளரை மெஷின் மேல் வைத்தாள். அதே இன்ச் டேப்பை எடுத்து, அவர் தோளை அளக்க ஆரம்பித்தாள்.