அக்காவின் இரண்டாவது டிரே

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கை நீட்டினால் கருவி கைக்கு வர வேண்டும். அந்தக் கருவிகளை டிரேயில் அடுக்குவது எங்கள் நர்ஸ் அக்கா. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வயதில் மூத்த பெரிய டாக்டருக்கும் அவள் அக்காதான். நான் அவளோடு ஒன்பது வருடமாக நர்ஸ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளுக்கு வரவே வராது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி. இரண்டு கண்ணிலும் புரை இருந்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பார் சின்ன டாக்டரம்மா. ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கலாக நாட்கணக்கில் தடுமாற வேண்டாமே. "ரெண்டு கண்ணையும் ரெண்டு தனி ஆளா நெனச்சுக்கணும், அவ்வளவுதான்." அதாவது புது அங்கி, புதுக் கையுறை, தனியாக ஸ்டெரிலைஸ் செய்த டிரே, வேறு தொகுப்பில் தயாரான, வேறு பேட்ச் நம்பர் மருந்து.

யார் தலைகீழாக நின்றாலும் பெரிய டாக்டர் சம்மதிக்க மாட்டார். "ரெண்டு கண்ணுலயும் கிருமி போயிட்டா யாரு பதில் சொல்றது? முதல் கண்ணு எப்படி ஆறுதுன்னு பாத்து அடுத்த கண்ணுல வைக்கற லென்ஸை முடிவு பண்ணலாம். அந்த வசதியை ஏன் விடணும்?" எனக்கு இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே படும்.

ஒரு நாள் காலை, அக்கா எடுத்து வைத்த ஊசிப் பாக்கெட்டில் தேதி முடிந்திருந்தது. சத்தமில்லாமல் மாற்றினேன். அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம், உறை பிரிக்கும் முன்பே, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து அவளே என்னை இழுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை டாக்டர். நீங்கதான் பண்ணணும். ஒரே நாள்ல பண்ணணும்."

"என்கிட்டயேவா அக்கா?"

"எனக்குப் பயம். ஒரு தடவை படுத்து எழுந்தா ரெண்டாவது தடவை வரமாட்டேன். ஒத்தக் கண்ணோட நின்னுடுவேன். அப்புறம் டிரே கிட்ட யாரு விடுவா?"

அவர் பெருமூச்சு விட்டார். "உங்க டிரேன்னா யோசிக்காம கை நீட்டுவேன். ஆனா அன்னைக்கு டிரே வைக்கப்போறது நீங்க இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் யாரு சார்? வழியில போறவளா?"

"இருடி," என்று அக்கா என் கையைப் பிடித்தாள். "டாக்டர், எட்டு மாசமா எனக்குப் பொடி எழுத்து தெரியல. நான் வெளிய போனதும் இவ ஒவ்வொண்ணா சரி பாக்குறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கா. நீங்க கை நீட்டினது இவ டிரேக்குத்தான்."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ, அழுதுவிட்டேன்.

அவர் முகம் சிவந்தது. "எட்டு மாசம் ரெண்டு பேரும் எங்கிட்ட மறைச்சிருக்கீங்க!" வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "இனிமே ஆபரேஷன் முடியற வரைக்கும் நீங்க டிரேயைத் தொடக் கூடாது. முதல் கண்ணுல சின்னச் சிக்கல் வந்தாலும் அங்கேயே நிறுத்திடுவேன். சம்மதமா?"

அக்கா தலையாட்டினாள்.

ஆபரேஷன் நாளில் முதல் கண் நல்லபடியாக முடிந்தது. டாக்டரும் நானும் மறுபடி கை கழுவி, அங்கியும் கையுறையும் மாற்றினோம். கண் மட்டும் மரத்துப்போய், துணிக்கடியில் அக்கா விழித்துக்கொண்டிருந்தாள். அவள் கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள ஆசைதான், ஆனால் கையுறை போட்ட கையால் அதைத் தொடக் கூடாது.

"மருந்து பேட்ச் நம்பர் படி," என்றது துணிக்குள்ளிருந்து குரல். படித்தேன்.

"முதல் கண்ணுக்கு?" அதையும் படித்தேன்.

"ம், வேறதான். ஆரம்பிங்க டாக்டர்."

யார் யாருக்கு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று டாக்டரே சிரித்துவிட்டார். அக்காவின் கை விரிப்பை விட்டிருந்தது.

நான்காவது வாரம் அக்கா வேலைக்குத் திரும்பினாள். கிட்டப் படிக்க ஒரு சின்னக் கண்ணாடி, மற்றபடி பார்வை பளிச். டிரேக்கு வேண்டியதையெல்லாம் எழுத்து எழுத்தாகப் படித்து எடுத்து வைத்தாள். பிறகு வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினாள். நான் அசையாமல் நின்றேன். இனி எனக்கு அங்கே என்ன வேலை?

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி மரமா நிக்கிற? போய் சரி பாரு. நானும் இங்கயே நிக்கிறேன்."