நிமிடத்துக்கு ஒரு தடவை

வெள்ளவத்தையில், கடிதமும் விண்ணப்பமும் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடையொன்றை அனுஷியா பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் கடையின் இரண்டு கணினிகளிலும் புதிய எழுத்துச் செயலி ஒன்றைப் போட்டபோது, அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்மானித்தாள். எழுத்துப் பெரிதாகத் தெரியவேண்டும். வரி திரையைத் தாண்டி ஓடாமல் மடியவேண்டும். கரண்ட் போனாலும் எதுவும் தொலையக்கூடாது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே சேமிக்கட்டும். பிறகு எவரும் யோசிக்கப்போவதில்லை என்பதால் எல்லாருக்குமாக ஒருத்தி முன்கூட்டியே யோசித்துவைக்கிறாள். சரியாகத்தான் யோசித்தாள். கூட வேலைசெய்யும் ஜாபிரிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள்.

பழனிமுத்து பக்கத்து அடுக்குமாடியில் காவலாளி. கொட்டாஞ்சேனையில் அவர் முப்பது வருடமாகக் குடியிருக்கும் அறையை விட்டு எழும்பச் சொல்கிறார்கள். அவர் வந்து பத்து வருடம்தான் என்கிறான் வீட்டுக்காரரின் மகன். நாளைக் காலை மத்தியஸ்த சபையில் விசாரணை. கையில் பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லை, இருப்பது ஞாபகம்தான். மூன்று பின்னேரம் வந்து அதை ஆறு பக்கமாகச் சொல்லி எழுதுவித்தார். கடைசியாக முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் அச்செடுக்கவேண்டும் என்றிருந்தார்.

இன்று அதற்காக அவர் வந்து நிற்க, அனுஷியா அந்தக் கோப்பைத் திறந்தாள். கல்கிசை ஸவாஹிர் என்பவரின் கடை வாடகை முறைப்பாடு இரண்டு பக்கத்தில் இருந்தது.

"ஜாபிர், இது என்ன?"

"எப்பயும் செய்யிறதுதானே மிஸ். அதுவும் வாடகை விஷயம். ஐயாட கடிதத்தத் திறந்து, வேண்டாததெல்லாம் அழிச்சு, பேர மாத்திப் பிரின்ட் எடுத்தன். சேவ் பண்ணவே இல்ல. அப்படியே மூடினன்."

அந்தக் கடையில் யாரும் வெற்றுத் தாளில் கடிதம் தொடங்குவதில்லை. பழையதைத் திறந்து, மாற்றி, அச்செடுத்து, சேமிக்காமல் மூடினால் பழையது பழையபடி இருக்கும், இந்தப் புதிய செயலி வரும்வரை. அதை ஜாபிருக்குப் பழக்கியவளே அவள்தான்.

எல்லா விசையையும் அழுத்திப் பார்த்தாள். நகல் எங்கும் இல்லை.

"நீ பிழையொண்டும் செய்யேல்ல" என்றாள். செய்திருந்தால் ஏசவாவது ஏசியிருக்கலாம்.

"அதுக்கென்னம்மா, என் கததானே" என்று பழனிமுத்து கதிரையை இழுத்துப்போட்டார். "திரும்பச் சொல்லிட்டாப் போச்சு."

சொல்லத் தொடங்கினார். "கூரத் தகரம் மாத்துனது தொண்ணூத்தெட்டு... இல்ல, மச்சான் செத்த வருசமா?" அன்றைக்கு ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வந்தது. இன்று எல்லாம் தனித்தனியாக நின்றன.

"அன்னைக்கு என்னம்மா சொன்னேன்?"

அவளுக்கும் தெரியவில்லை. ஆறு பக்கமும் அவள் விரல் வழியாகத்தான் போயிருந்தது. முடுக்கில் இருந்த பொதுக்குழாய் மட்டும் நினைவிருந்தது.

"குழாயச் சொன்னீங்கள் ஐயா."

"ஆமா, கொழா. போட்டுக்குங்க."

ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதக் கேட்டா எனக்கே பத்து வருசம் இருந்தவன் மாதிரித்தாம்மா இருக்கு" என்றார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. "பரவால்ல, பிரின்ட் எடுங்க."