கருப்பு வெள்ளை தெரியும் தூரம்

என் பொண்டாட்டிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. முழுதாகப் போவதற்குள் அவளுக்கு ஒரு திமிங்கிலத்தைக் காட்டிவிட வேண்டும். போன ஆடியிலிருந்து என் தலைக்குள் ஓடுகிற சங்கதி இது ஒன்றுதான்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு என்னைத் தெரியவில்லை என்றால், அவர் தொழிலுக்கு நேற்றுத்தான் வந்திருப்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவிக் கட்டிக்கொண்டு வந்து விற்றவன் நான். இன்றைக்குச் சொந்தத்தில் மண்டி இருக்கிறது, தோல் பதனிடுகிற ஷாப்பு இருக்கிறது, நாகல் நகரில் மாடி வீடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவி, கத்தி பட்ட இடத்தைச் சொல்லுவேன். என் ஷாப்பில் பதனிட்ட தோல் இத்தாலி வரைக்கும் போய்ச் செருப்பாகியிருக்கிறது. ஹஜ்ஜுக்கும் போய் வந்தாயிற்று, அவளையும் கூட்டிக்கொண்டுதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். முடியாது என்று நான் எந்தக் காரியத்தையும் விட்டதில்லை. அதனால்தான் இந்தக் காரியம் என்னைக் கொல்கிறது.

அவள் என் தாய்மாமன் மகள். அந்தக் குடும்பத்தில் இந்தக் கண் வியாதி உண்டு. முதலில் மாலைக்கண் மாதிரி வரும். பொழுது சாய்ந்தால் எதுவும் தெரியாது. பிறகு பகலிலும் ஓரங்கள் அடைபடும். ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல ஆகிவிடும். வருஷம் போகப் போகக் குழாய் சின்னதாகும். அவளுடைய அண்ணன் இப்போது பள்ளிவாசல் சுவரைத் தடவிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினோம். மருந்து இல்லை என்றார். எப்போது மூடும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இரண்டு பதிலும் எனக்குப் பழக்கமில்லாதவை.

அவள் அழுகிற ரகம் இல்லை. கை பட்டு விழுந்த டம்ளரைத் திட்டுவாள். வைத்தவனைத் திட்டுவாள். டம்ளரைக் கண்டுபிடித்தவனையும் திட்டுவாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் டி.வி. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். கடலுக்குள்ளிருந்து ஒரு பெரிய மீன் எகிறி விழுந்தது. உடம்பெல்லாம் கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் சுண்ணாம்பு அப்பியது போல ஒரு வெள்ளை. எங்கள் மகள் பள்ளிக்கூட டீச்சர், எங்களோடுதான் இருக்கிறாள். அது மீன் இல்லை, ஓர்கா என்று ஒரு திமிங்கிலம் என்றாள்.

"மத்ததெல்லாம் தண்ணி ஊத்துன பாலு மாதிரி இருக்கு. இது மட்டும் பளிச்சுன்னு நிக்கிது மச்சான்" என்றாள் அவள். செத்த நேரம் கழித்து மகளிடம் கேட்டாள்: "நெசத்துல எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"நம்ம தோல் லாரி அளவு இருக்கும்மா."

"அப்ப நேர்ல இன்னும் நல்லாத் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "இத்தாலிக்கு அனுப்புனேன், ஜெர்மனிக்கு அனுப்புனேன்னு கல்யாண வீட்டுல பூராம் பேசுறீகளே. ஆட்டுத்தோலு போன தூரம் நான் போகக் கூடாதா?"

அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. எங்களை ஹஜ்ஜுக்கு அனுப்பிவைத்த டிராவல்ஸ்காரரிடம் போய் நின்றேன். அவர் தாடியைத் தடவினார். "ஹஜ்ஜு பண்றேன், உம்ரா பண்றேன், மலேசியா பண்றேன். திமிங்கிலம் பண்ணுனதில்லையே பாய்."

"இனிமே பண்ணு" என்றேன்.

தேடிச் சொன்னார். நார்வே என்று ஒரு நாடு, அதன் வடக்கு முனை. அங்கே மார்கழியில் சின்ன மீன்கள் கரைப்பக்கம் கூட்டமாக வரும், அதைத் தின்ன இவை கூட்டமாக வரும். அந்த மாதத்தில் போய்விட்டுப் பார்க்காமல் திரும்பியவர்கள் ரொம்பக் கொஞ்சம் என்றார். அது போதும் எனக்கு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, சென்னைக்குப் போய் விரல் ரேகை வைத்து, விசாவும் வாங்கிவிட்டேன். குளிருக்குக் கரடி மாதிரி இரண்டு சட்டை வாங்கினேன். அங்கே ஹலால் சாப்பாடு உண்டா, படகில் கக்கூஸ் உண்டா, அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட ஆள் உண்டா, எல்லாம் கேட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். "ஹாஜியாருக்கு மீனைத் தின்னு சலிச்சுப் போச்சு, இப்பப் பாக்கக் கெளம்பிட்டாரு" என்று பிரியாணிக் கடையில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தொழுகை நேரத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது என் வழக்கம். ஐப்பசியில் ஒருநாள் மகளைப் போனில் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அத்தா, சூரிய உதயம்ங்கிற எடத்துல வெறும் கோடு போட்டிருக்கு. பொழுது சாயுற மஃரிபுக்கும் கோடுதான்."

"போன் கெட்டிருக்கும்."

"போன் நல்லாத்தான் இருக்கு."

டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டேன். "ஆமா பாய், அந்த மாசம் அங்க சூரியன் வராது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"வராதுன்னா? மேகமா இருக்குமா?"

"மேகமில்ல பாய். வராது. மத்தியானம் மட்டும் நம்ம மஃரிபு முடிஞ்ச நேரம் மாதிரி ஒரு வெளிச்சம் இருக்குமாம். போட்டோவுல நீலமா அம்புட்டு அழகா இருக்கு."

மஃரிபு முடிந்த நேரம். என் வீட்டில் அந்த நேரத்துக்கு அவள் கட்டிலை விட்டு இறங்கமாட்டாள்.

எங்கள் ஊர்க்காரன் எவன் கேட்பான், அங்கே சூரியன் வருமா என்று? பிறந்ததிலிருந்து வெயிலுக்குப் பயந்து நிழல் தேடியே காலம் போன பூமி இது. மலைக்கோட்டைப் பாறை சித்திரையில் சட்டி மாதிரி காயும். வெயில் இல்லாத ஊர் ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எப்படித் தோன்றும்? எத்தனையோ கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் சொன்னேன். "அதுக்கு வழி இருக்கு பாய். சூரியன் வர்ற பக்கத்து ஊரு நேரத்தை வச்சுத் தொழுதுக்கலாம்" என்றார் நிதானமாக.

"கண்ணுக்கு அந்த மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா ஹஜ்ரத்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோடையில் கனடாவில் பார்க்கலாம், அங்கே ரொம்ப நேரம் வெளிச்சம் இருக்கும் என்று மகள் கண்டுபிடித்தாள். ஆனால் விசாவுக்கே மாதக் கணக்கில் ஆகும், அடுத்த கோடைதான் என்றாள். டாக்டருக்குப் போன் போட்டேன். "அடுத்த கோடைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். காட்டுவதை இப்போதே காட்டிவிடுங்கள்" என்றார். எங்கே காட்ட? நார்வேயில் திமிங்கிலம் நிச்சயம், வெளிச்சம் இல்லை. கனடாவில் வெளிச்சம் நிச்சயம், கண் இல்லை. மண்டியில் உட்கார்ந்தால் தோலின் விலை காதில் ஏறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் சொல்லாமல் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவளுக்குக் கொஞ்சமாவது தெரிந்தால் போதும், நார்வேக்கே போய்விடலாம். கருப்பு வெள்ளை வேண்டும். எனக்கு ஆட்டைத் தவிர வேறென்ன தெரியும்? வாழ்நாளெல்லாம் ஆட்டுத்தோலில் புரண்டவன், ஆட்டின் நிறத்தைப் பார்த்தவனில்லை. முடி போய்விட்டால் எல்லாத் தோலும் ஒன்றுதான். இப்போது நிறத்துக்காக ஆடு தேடினேன். நிலக்கோட்டைச் சாலையில் ஒரு குளத்தங்கரையில் ஆடு மேய்க்கிற அம்மாவிடம் அனேகமாகக் கருப்பு வெள்ளையாகவே ஒரு கூட்டம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கரைமேல் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

"என்ன பாய், பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஆட்டைப் பாக்க வாரீக?" என்று சிரித்தார் அந்த அம்மா.

அவளைக் காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் பள்ளிவாசலில் மஃரிபு தொழுதுவிட்டு மறுபடி காரில் ஏறினேன். மல்லிகைத் தோட்டங்கள் பக்கம் வந்ததும் அவள் மூக்கை உறிஞ்சினாள். "நெலக்கோட்டை ரோடா? இருட்டுன பெறகு இங்க என்ன வேலை?"

"சும்மா, காத்து வாங்க."

"நீங்க? காத்தைக்கூட வெலை பேசித்தானே வாங்குவீக."

குளத்தங்கரையில் அவளை இறக்கி நிறுத்தினேன். வானத்தில் நீலம் மிச்சமிருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது. கரைமேல் ஆடுகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, கருப்பும் வெள்ளையும். பத்தடி தூரம்தான்.

"கரை மேல பாரு. என்ன தெரியுது?"

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடினாள். ஆடுகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியாகக் கழுத்தில் மணி கட்டிய, செம்மண் நிறத்துச் செவலை ஆடு ஒன்று வந்தது. மணி குலுங்கியதும் அவள் கை நீட்டினாள்.

"அந்தா போகுதுல்ல! கருப்பு வெள்ளை. நல்லாத் தெரியுது மச்சான்."

ஆட்டுக்கார அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தெரியுதுல்ல?" என்றேன்.

"தெரியுதுன்னுதானே சொல்றேன்." என் சட்டைக் கையைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

காரில் திரும்பினோம். ஊர் விளக்குகள் வந்தபோது கேட்டாள்: "அது கருப்பு வெள்ளை இல்லதானே?"

"இல்ல. செவலை."

"கண்ணுதான் போகுது மச்சான், காது அப்படியேதான் இருக்கு. நீங்களும் மகளும் குசுகுசுன்னு பேசுனதெல்லாம் கேட்டுச்சு. தெரியலைன்னு சொன்னா டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிருவீக. அதான் பொய் சொன்னேன்."

"பொய்யின்னாலும் போவோம் புள்ள. விசா இருக்கு, டிக்கெட் இருக்கு. போவோம்."

"போயி? அந்தா வருதும்பீக, எங்கேம்பேன். அதுக்கு நம்ம வீட்டு இருட்டே போதும்." மூக்கைச் சிந்தினாள். "வெயில் அடிக்கிற கடல்ல அது இருக்கவே இருக்காதா? அம்புட்டு வெயிலை வச்சுக்கிட்டு நம்ம பக்கம் ஒண்ணு வரக் கூடாதா?"

மகள் அந்தக் கேள்வியோடு மறுபடி தேட உட்கார்ந்தாள். இலங்கைக் கடலில் எப்போதாவது வரும் என்று இருந்தது. அங்கே மேற்குக் கரையில் டால்பின் காட்டப் படகு விடுகிற ஒருவரின் நம்பர் கிடைத்தது. தமிழ் பேசுகிறவர். நானே பேசினேன்.

"நான் கண்டிருக்கிறன் ஹாஜியார், இல்லையெண்டு சொல்ல மாட்டன்" என்றார். "ஆனா அது வந்தாலும் வரும், வராமலும் போகும்."

"எம்புட்டு வேணும்னு சொல்லுங்க. நல்ல படகா, நல்ல ஆளா வச்சுக் காட்டுங்க."

"காசுக்கு வராது ஹாஜியார் அது."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் பேரம் பேசியிருக்கிறார்கள். பேரமே இல்லாத பதிலை முதல் தடவையாகக் கேட்டேன். நான் ஒரு மாதம் தங்குகிறேன், தினமும் கடலுக்குப் போவோம் என்றேன். ஒரு மாதம் நின்றாலும் காணாமல் திரும்ப நேரலாம், தெரிந்துகொண்டு வாருங்கள் என்றார். மழைக்காலம் முடிந்து, தை பிறந்து, கடல் அடங்கட்டும் என்றும் சொன்னார். நார்வே டிக்கெட்டை விட்டேன். அவர் படகைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இது மார்கழி. தினமும் வெயில் ஏறியதும் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். படகுக்காரர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அது தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடும். அவளுக்கோ நேராகக் குழாயளவுதான் தெரியும். நான் "அந்தா" என்று சொல்லி, அவள் தேடித் திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் பழகுகிறோம். அவள் முன்னால் நிற்பாள். நான் பின்னால் நின்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். மலைக்கோட்டைப் பக்கமிருந்தோ ரயில் ஸ்டேஷன் பக்கமிருந்தோ காக்கா வரும். அது வருகிற திசைக்குச் சட்டென்று அவள் தலையைத் திருப்புவேன். எதிர் மாடியில் துணி காயப்போடுகிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஆரம்பத்தில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு நன்றாகவே பழகிவிட்டோம். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார வருகிற காக்காவை அவள் பிடித்துவிடுவாள். "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு, விட்றாதீக" என்பாள். நானும் காக்கா போகிற போக்கில் அவள் தலையைக் கொண்டுபோவேன்.

இன்று காலை அதே தொட்டி. அதே தூரம். நல்ல வெயில். காக்கா இறங்கியது, திருப்பினேன்.

"எங்க?"

"நேரா. தொட்டி மேல."

"காணோமே." அவள் தலை என் கைக்குள் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தது, கொஞ்சம் வலதுபக்கம் நகர்ந்தது. காக்கா அலகைத் தேய்த்தது, கத்தியது, பறந்து போனது. அடுத்தது வந்தது. அதுவும் அகப்படவில்லை.

நேற்று திருப்பிய அதே வேகத்தில்தான் திருப்பினேன். என் கை தப்பாது.

"மெதுவாத் திருப்பிட்டீக" என்றாள் அவள்.

"ஆமா புள்ள" என்றேன். "நாந்தான் மெதுவாத் திருப்பிட்டேன்."